ஆங்கில வாக்கியத்தின் எல்லை: ஒரு விதியின் வரலாறு

ஆங்கில உரைநடையைக் கற்பிக்கும் கையேடுகள் ஏறத்தாழ அனைத்தும் கண்டிக்கும் பிழைகளுள் ஒன்று ‘ரன்-ஆன்’ வாக்கியம். எழுவாயும் முற்றுவினையும் பெற்றுத் தனித்து நிற்கும் வலிமையுள்ள இரண்டு கூற்றுகள், இடையே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ தக்க இணைப்புச்சொல்லோ இல்லாமல் ஒரே வாக்கியமாக எழுதப்படுவதை அப்பெயர் குறிக்கிறது. இரண்டு கூற்றுகளுக்கு நடுவே எந்தக் குறியும் இல்லையெனில் அதனை ‘ஃப்யூஸ்டு சென்டென்ஸ்’, அதாவது உருகி ஒட்டிய வாக்கியம், என்றும், காற்புள்ளி ஒன்று மட்டும் இருந்தால் ‘கமா ஸ்ப்லைஸ்’, அதாவது காற்புள்ளியால் ஒட்டுப்போட்ட வாக்கியம், என்றும் அமெரிக்க ஆசிரியர்கள் பிரித்துச் சொல்வர். ‘ஹி லெஃப்ட் யெஸ்டர்டே ஷி கால்ட்’ என்று ஒருவர் எழுதினால், அவன் நேற்றுப் புறப்பட்டான் என்பதா, நேற்று அவள் அழைத்தாள் என்பதா என்று படிப்பவருக்கு விளங்காது. ‘யெஸ்டர்டே’ என்னும் சொல்லுக்கு முன்னோ பின்னோ ஒரு புள்ளி விழுந்தாலன்றி அந்த ஐயம் தீராது. ஐந்தே சொற்களுக்குள் நேர்ந்துவிடக்கூடிய இப்பிழைக்கும் வாக்கியத்தின் நீளத்துக்கும் தொடர்பில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நூறு சொற்களைத் தாண்டி நீளும் ஆங்கில வாக்கியமும் இலக்கணம் சிறிதும் பிசகாமல் அமைவதுண்டு.

இவ்விதி ஆங்கிலத்தோடு உடன்பிறந்தது போலவே பள்ளிகளில் போதிக்கப்படுகிறது. ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆங்கில எழுத்து வரலாற்றின் பெரும்பகுதியில் இப்படியொரு பிழை இருப்பதாக எவரும் கருதியதில்லை. வாய்விட்டுப் படிப்பவர் மூச்சு வாங்குவதற்காக இடப்பட்ட புள்ளி, வாய்திறவாமல் படிப்பவருக்குச் சொற்களின் உறவைக் காட்டும் புள்ளியாக மாறிய பிறகே வாக்கியத்துக்கு மீறக்கூடாத எல்லை ஒன்று உண்டென்னும் எண்ணம் வலுப்பெற்றது. அந்த மாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. அலெக்ஸாண்ட்ரியாவின் நூலகர், அயர்லாந்தின் துறவியர், வெனிஸின் அச்சகத்தார், ஸ்காட்லாந்தின் அணியியல் பேராசிரியர், அமெரிக்கக் கல்லூரிகளின் தேர்வாளர் எனப் பலரும் அதில் பங்கு கொண்டனர்.

பண்டைக் கிரேக்கரும் ரோமரும் சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல், எழுத்துகளை ஒரே சரமாக எழுதினர். ரோமர் தொடக்கத்தில் சொல்லுக்குச் சொல் இடையே ஒரு புள்ளி இட்டு வந்தபோதிலும், கிரேக்க வழக்கத்தைப் பின்பற்றி அதனையும் காலப்போக்கில் கைவிட்டனர். அவ்வாறு எழுதியும் பொருள் புரிந்ததற்கு அம்மொழிகளின் அமைப்பு ஒரு காரணம்: பெயரும் வினையும் ஏற்கும் விகுதிகள் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று காட்டிக்கொடுத்தன, புதிய கூற்றொன்று தொடங்குவதைக் கிரேக்கத்தின் இடைச்சொற்கள் உணர்த்தின. மற்றொரு காரணம், நூல் என்பது வாய்விட்டுப் படிப்பதற்குரியதாகவே கருதப்பட்டது என்பதாகும். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது என்று முடிவு செய்யும் கடமை எழுதியவருடையதன்று, படிப்பவருடையது. ஆகவே மேடையேறுமுன் நூலைப் பலமுறை படித்துப் பழகுவது கற்றோரின் பயிற்சியில் ஒரு பகுதியாயிற்று.

கி.மு. 200ஐ ஒட்டி அலெக்ஸாண்ட்ரியா நூலகத்தின் தலைவராயிருந்த பைசாந்தியத்து அரிஸ்டோஃபனீஸ், இந்தப் படிப்பவருக்கு உதவும் பொருட்டு, வரியின் அடியில், நடுவில், உச்சியில் என மூன்று உயரங்களில் இடப்படும் புள்ளிகளை வகுத்தார். உச்சியில் இட்ட புள்ளி கருத்து நிறைவெய்தியதைக் காட்டியது. மற்ற இரண்டும் சிறிய நிறுத்தங்களுக்கு உரியவை. ‘காமா’, ‘கோலன்’, ‘பீரியட்’ ஆகியவை அக்காலத்தில் குறிகளின் பெயர்களாக இல்லாமல், பேச்சுக்கலையில் ஒரு பேச்சின் சிறு துண்டு, பெருந்துண்டு, முழுச்சுற்று ஆகியவற்றைக் குறிப்பனவாக இருந்தன. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம், ஏசாயா, எசேக்கியேல் ஆகிய ஆகமங்களைப் பொருள் துண்டுக்கு ஒரு வரியாகப் பிரித்து எழுதினார்; டெமாஸ்தனீஸ், சிசரோ ஆகியோரின் உரைகள் அவ்வாறு எழுதப்படுவதைக் கண்டு, எளிய வாசகரும் தடுமாறாமல் படிக்கட்டும் என்று அம்முறையைக் கையாண்டதாக அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். புள்ளியே இல்லாமல் வரியை உடைத்து எல்லை காட்டும் இம்முறை, எல்லை என்பது பொருளைச் சார்ந்தது என்னும் உணர்வு அப்போதே இருந்ததைக் காட்டுகிறது.

சொல்லிடைவெளி ஐரோப்பாவின் ஓரத்திலிருந்து வந்தது. லத்தீனைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கு எழுத்துச் சரத்தினுள் சொற்களை அடையாளம் காண்பது எளிது. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் அதனை ஏட்டின் வழியே அயல்மொழியாகக் கற்ற அயர்லாந்துத் துறவியருக்கு அது எளிதாக இருக்கவில்லை. ஆகவே அவர்கள் சொற்களைப் பிரித்து எழுதினர். ஒரு நிறுத்தம் பெரியதாயின் குறிகளை அடுக்கி இட்டனர். பகுதியின் முதலெழுத்தைப் பெரிதாக்கினர். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேன் பேரரசரின் அவைக்குச் சென்ற யார்க் நகரத்து ஆல்குவின், பிரதி எழுதுவோர் புள்ளியை முறையாக இட வேண்டுமென வற்புறுத்தினார். இத்துறையின் வரலாற்றை 1992இல் விரிவாக எழுதிய மால்கம் பார்க்ஸ், எழுத்து என்பது பேச்சின் பதிவு என்ற நிலையிலிருந்து கண்ணுக்கு நேரடியாகப் பொருளுணர்த்தும் தனி ஊடகமாக மாறியதன் தொடக்கத்தை இக்காலத்தில்தான் காண்கிறார். அயல்மொழி கற்பவரின் இடர்ப்பாடே எழுத்துமுறையைத் திருத்தியது என்பது, ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்கும் எவரும் நினைவிற்கொள்ளத் தக்க செய்தி.

இம்மரபைப் பெற்ற ஆங்கிலம், கூற்றுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடக்குவதைவிட ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துவதையே நெடுங்காலம் விரும்பிற்று. ஆண்டுவாரியாக எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்ஸன் குறிப்பேட்டில் நிகழ்ச்சிகள் ‘அண்டு’ என்னும் ஒரே இணைப்புச்சொல்லால் கோக்கப்பட்டுள்ளன. அச்சொல் ஓயாது வந்தமையால், லத்தீன் சுருக்கெழுத்திலிருந்து பெற்ற ஒற்றைக் குறியே அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் எழுதப்பட்டது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதற்குப் பிந்திய சில நூற்றாண்டுகளில் ஆங்கிலம் தன் வேற்றுமை விகுதிகளை ஏறத்தாழ முழுமையாக இழந்தது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் சொல்வரிசையே பொருளைத் தாங்கலாயிற்று. விகுதி காட்டிவந்த எல்லையை வேறேதேனும் காட்டியாக வேண்டிய நிலை இவ்வாறு உருவாயிற்று. ஆனால் அந்தத் தேவையை எழுத்தாளர் உணரப் பல தலைமுறைகள் ஆயின.

சர் தாமஸ் மாலரி எழுதிய ஆர்தர் மன்னரின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவிய வில்லியம் காக்ஸ்டன் அதனை 1485இல் அச்சிட்டார். வீரர் குதிரையேறுவதும், ஈட்டி முறிவதும், ஒருவர் மற்றவரை வீழ்த்துவதும், மீண்டும் எழுவதும் ‘அண்டு’, ‘தென்’, ‘ஸோ’ ஆகிய சொற்களால் தொடுக்கப்பட்டுச் செல்லும் அந்நடையில், வாக்கியம் எங்கே முடிகிறது என்னும் கேள்விக்கே இடமில்லை. கதை முடியும்போது வாக்கியமும் முடிகிறது என்றுகூடச் சொல்லலாம். காக்ஸ்டன் கையாண்ட குறிகள் மிகச் சில. அவற்றுள் சாய்கோடே இன்றைய காற்புள்ளியின் வேலையைப் பெரும்பாலும் செய்தது. அவர் நூலை 21 பகுதிகளாகவும் ஐந்நூறுக்கு மேற்பட்ட அத்தியாயங்களாகவும் வகுத்தார். வாசகருக்கு எல்லை தேவை என்பதை உணர்ந்திருந்தும், அந்த எல்லையை வாக்கியத்தில் தேடாமல் அத்தியாயத்தில் தேடினார். அதே நூலின் கையெழுத்துப் பிரதியொன்று 1934இல் வின்செஸ்டர் கல்லூரியில் கண்டெடுக்கப்பட்டது. அதன்வழி 1947இல் வெளிவந்த பதிப்பில் இன்றைய வாசகர் காணும் முற்றுப்புள்ளிகள் பதிப்பாசிரியர் இட்டவை. இன்றைய விதியைக் கொண்டு அளந்தால் மாலரியின் நடை பிழை மலிந்ததாகும்; ஆங்கிலக் கதையுரைநடையின் முதற்பெரும் படைப்புகளுள் ஒன்றாக அது போற்றப்படுவதால், குறை அளவுகோலிடமே உள்ளது எனக் கொள்ள வேண்டும்.

நிறுத்தம் பிறழ்ந்தால் பொருள் எவ்வளவு தூரம் பிறழும் என்பதை ஆங்கில மக்கள் மேடையில் கண்டு உணர்ந்தனர். ஈட்டன் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த நிக்கலஸ் யூடால், 1550களின் தொடக்கத்தில் ‘ரால்ஃப் ராய்ஸ்டர் டாய்ஸ்டர்’ என்னும் இன்பியல் நாடகத்தை எழுதினார். அதில் தற்பெருமை மிக்க நாயகன், தான் மணக்க விரும்பும் கைம்பெண்ணுக்கு எழுத்தர் ஒருவரிடம் கடிதம் எழுதி வாங்கி அனுப்புகிறான். அவனுடைய தோழன் அதனை நிறுத்த வேண்டாத இடங்களில் நிறுத்திப் படித்துக் காட்ட, புகழ்ந்துரைக்கும் சொற்கள் அனைத்தும் வசைமொழிகளாகி விடுகின்றன. குற்றம் தன்மேல் விழுவதைக் கண்ட எழுத்தர், அதே கடிதத்தை உரிய இடங்களில் நிறுத்திப் படித்துத் தன் பிழையின்மையை நிறுவுகிறார். தருக்க நூலொன்றை எழுதிய தாமஸ் வில்சன், இருபொருள்படும் எழுத்துக்கு உதாரணமாக இக்கடிதத்தையே தம் நூலில் எடுத்தாண்டார். ஷேக்ஸ்பியரும் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், முன்னுரை கூற வரும் கைவினைஞன் ஒருவனைத் தவறான இடங்களில் நிறுத்திப் பேசவைத்து, வந்தவர்களை வரவேற்கும் பேச்சை அவமதிக்கும் பேச்சாக்கினார். இவ்விரு காட்சிகளிலும் புள்ளி என்பது குரலின் நிறுத்தம். ஆனால் சொற்களின் உறவை முடிவு செய்வதும் அந்த நிறுத்தமே என்னும் உண்மை பார்வையாளருக்குப் புலனாயிற்று.

இதற்கிடையே வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ், பியேத்ரோ பெம்போ என்னும் அறிஞர் எட்னா எரிமலை ஏறியதைப் பற்றி எழுதிய சிறு நூலை 1496இல் அச்சிட்டபோது, புள்ளியும் காற்புள்ளியும் சேர்ந்த புதிய குறியொன்று அச்செழுத்தில் தோன்றியது. அரைப்புள்ளி எனப்படும் அக்குறி, முடிந்துவிட்ட ஒரு கூற்றுக்கும் அதனோடு உறவுடைய மற்றொரு கூற்றுக்கும் இடையில் நிற்கப் பிற்காலத்தில் மிகவும் பொருத்தமானதாயிற்று. ஆல்டஸின் பேரரும் அதே பெயருடையவருமான இளைய ஆல்டஸ், 1566இல் வெளியிட்ட நூலில், நிறுத்தற்குறியின் நோக்கம் வாக்கியத்தின் அமைப்பைத் தெளிவுபடுத்துவதே என்ற கருத்தை முன்வைத்தார். மூச்சுக்காகப் புள்ளி என்ற மரபுக்கு எதிரே அமைப்புக்காகப் புள்ளி என்ற கொள்கை இவ்வாறு எழுந்தது. இவ்விரண்டும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆங்கிலத்தில் அருகருகே வாழ்ந்தன. ஒரே நூலுக்குள் இரண்டும் கலந்து கிடப்பதும் வழக்கமாயிருந்தது.

1589இல் ஆங்கிலச் செய்யுட்கலை பற்றி எழுதிய ஜார்ஜ் பட்டன்ஹாம், காமா, கோலன், பீரியட் ஆகிய மூன்று குறிகளையும் வழிப்போக்கன் தாகம் தீர்க்கவும், நண்பகலில் உணவுக்காகவும், இரவில் விடுதியிலும் தங்கும் தங்கல்களுக்கு ஒப்பிட்டார். 1640இல் சைமன் டேயின்ஸ் என்னும் பள்ளியாசிரியர், இசை கற்றபோது ஒன்று முதல் நான்கு வரை எண்ணித் தாளம் காத்த முறையையே தம் மாணவர் படிக்கும்போது நிறுத்தங்களுக்கும் கையாளச் செய்ததாக எழுதினார். அதே ஆண்டில் பென் ஜான்சனின் ஆங்கில இலக்கணம், அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. குறிகளைப் பற்றி அக்கறையோடு சிந்தித்த படைப்பாளர்களுள் அவர் முதன்மையானவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் 1623இல் தொகுதியாக அச்சானபோது அவற்றிலுள்ள குறிகளில் அச்சுக்கோப்போரின் பங்கு பெரிது. ‘சர் தாமஸ் மோர்’ நாடகத்தின் கையெழுத்துப் பிரதியில் அவர் கைப்பட எழுதியவை எனப் பல அறிஞர் கருதும் பக்கங்களில் குறிகள் மிக அருகியே காணப்படுகின்றன.

17ஆம் நூற்றாண்டின் உரைநடை, நீண்ட வாக்கியத்தின் இரு வேறு வகைகளையும் அருகருகே காட்டுகிறது. மில்டன் 1644இல் அச்சுரிமைக்காக எழுதிய ‘அரியோபாகிட்டிகா’ சிசரோவின் வழியில் அமைந்தது. துணைக் கூற்றுகள் முதன்மைக் கூற்றுக்குள் அடங்கி நிற்க, வாக்கியம் எத்தனை வரிகள் நீண்டாலும் இலக்கண முடிச்சு இறுதியில் அவிழ்ந்துவிடுகிறது. டேனியல் டீஃபோ 1719இல் எழுதிய ‘ராபின்சன் குரூசோ’வில் நிலைமை வேறு: தனித்து நிற்கவல்ல கூற்றுகள் காற்புள்ளியாலும் அரைப்புள்ளியாலும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு, நினைவு வந்த வரிசையிலேயே செல்கின்றன. தீவில் தனித்து விடப்பட்ட ஒருவனின் அச்சமும் கணக்கும் திட்டமும் அந்நடையில் உயிர்பெறுவதால் வாசகர் அதனைக் குறையாக உணர்வதில்லை. 1660இல் தோன்றிய ராயல் சொசைட்டியின் வரலாற்றை 1667இல் எழுதிய தாமஸ் ஸ்ப்ராட், அறிவியலாளர் சொல்லலங்காரத்தைத் துறந்து கணிதத்துக்குரிய எளிமையோடு எழுத வேண்டுமென்றார். குறுகிய, தெளிந்த வாக்கியத்துக்குக் கற்றோரிடையே மதிப்பு ஏறத் தொடங்கியது அக்காலத்தில்தான்.

அந்த மதிப்பை விதியாக்கியது 18ஆம் நூற்றாண்டு. பின்னாளில் லண்டனின் ஆயராகப் பொறுப்பேற்ற ராபர்ட் லோத், 1762இல் வெளியிட்ட இலக்கணத்தில் முற்றுப்புள்ளி முக்காற்புள்ளியைப் போல் இருமடங்கு, முக்காற்புள்ளி அரைப்புள்ளியைப் போல் இருமடங்கு, அரைப்புள்ளி காற்புள்ளியைப் போல் இருமடங்கு என்று இசையின் கால அளவைப் பின்பற்றிக் கூறினார்; எனினும் குறியை எங்கே இடுவது என்று விளக்கும்போது அவர் பார்த்தது மூச்சையன்று, கூற்றுகளின் இலக்கண உறவையே. இதனினும் ஆழமான பங்களிப்பு எடின்பரோவில் அணியியல் பேராசிரியராயிருந்த ஹியூ பிளேயருடையது. 1783இல் அச்சான தம் சொற்பொழிவுகளில் அவர், நல்ல வாக்கியத்துக்குரிய பண்புகளுள் ஒன்றாக ஒருமைப்பாட்டை வைத்தார்: வாக்கியத்தின் நடுவே காட்சியையும் எழுவாயையும் மாற்றிக்கொண்டே போகலாகாது, இரண்டு மூன்று வாக்கியங்களாகப் பிரித்தாலும் கெடாத அளவுக்குத் தொடர்பு குறைந்த செய்திகளை ஒன்றில் திணிக்கலாகாது, முடிவு முழுமையாக இருக்க வேண்டும். ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் அடிசன் எழுதிய கட்டுரைகள் சிலவற்றை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இந்தப் பண்பை எவ்வளவு காத்தது என்று அவர் ஆராய்ந்தார். பிற்காலக் கையேடுகளின் தடைவிதிகளைவிட இது பன்மடங்கு மேலானது; ஏனெனில் பிளேயர் கேட்ட கேள்வி குறியைப் பற்றியதன்று, இரண்டு செய்திகளுக்கிடையே உள்ள உறவைப் பற்றியது.

அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய வழக்கறிஞர் லிண்ட்லி மரி, யார்க் நகரில் ஒரு குவேக்கர் பெண்கள் பள்ளியின் தேவைக்காக 1795இல் வெளியிட்ட இலக்கணம், லோத், பிளேயர் ஆகியோரின் கருத்துகளைப் பள்ளிச் சிறுவர் மனப்பாடம் செய்யும் விதிகளாக்கி, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் எண்ணற்ற பதிப்புகள் கண்டது. ஆயினும் எழுத்தாளர் பலர் குறியிடும் வேலையைப் பிறரிடமே விட்டுவந்தனர். அச்சுத்தொழிலைப் பற்றி 1683இல் எழுதிய ஜோசஃப் மாக்ஸன், எழுதியவர் விட்ட குறிகளைச் செம்மைப்படுத்துவதை அச்சுக்கோப்போரின் கடமையாகவே கூறுகிறார். 1800இல் ‘லிரிக்கல் பாலட்ஸ்’ இரண்டாம் பதிப்பு அச்சேறுமுன் வேர்ட்ஸ்வொர்த், தமக்கு அதுவரை நேர்ப்பழக்கம் இல்லாத வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியிடம் குறிகளைத் திருத்தித் தருமாறு வேண்டினார். கவிஞர் ஒருவர் தம் வரிகளின் எல்லையை அறிவியலாளரிடம் ஒப்படைத்தது அன்று வியப்புக்குரியதாக இருக்கவில்லை. எழுத்தாளரின் பிழை என்று எதுவும் இருக்க வேண்டுமாயின், குறி எழுத்தாளரின் பொறுப்பாக வேண்டும். அந்நிலை 19ஆம் நூற்றாண்டின் வகுப்பறையில்தான் உருவாயிற்று.

ஜெர்மானிய இலக்கண அறிஞர் பெக்கரின் முறையைத் தழுவிப் பள்ளி ஆய்வாளர் ஜே. டி. மோரல் 1852இல் வெளியிட்ட நூல், வாக்கியத்தை எழுவாய், பயனிலை, துணைக் கூற்று எனக் கூறுபோட்டுப் பட்டியலிடும் பயிற்சியை ஆங்கிலப் பள்ளிகளில் பரப்பியது. 1877இல் புரூக்ளினைச் சேர்ந்த அலான்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்னும் இரு ஆசிரியர்கள், வாக்கியத்தைக் கோடுகளாக வரைந்து காட்டும் முறையை வகுத்தனர். அந்தக் கோட்டுப்படத்தில் ஒவ்வொரு கூற்றுக்கும் தனியே ஓர் அடிக்கோடு உண்டு, ஆதலால் இணைப்பின்றி ஒட்டிய இரண்டு கூற்றுகள் மாணவரின் கண்ணுக்கே பிரிந்து தெரிந்தன. 1874இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நுழைவுத்தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதுவதைக் கட்டாயமாக்கியபோது, புகழ்பெற்ற பள்ளிகளில் பயின்று வந்தோரும் எழுத்துப்பிழையும் குறிப்பிழையும் மலிய எழுதியது கண்டு தேர்வாளர்கள் மனம் வருந்தினர். இதனை ஆராயப் பின்னர் அங்கே அமைக்கப்பட்ட குழுவில் ரயில்வே நிர்வாகத்தில் அனுபவமுள்ள சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸும், இதழாசிரியர் காட்கினும் இடம்பெற்றனர். நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்த வேண்டிய ஆசிரியருக்கு, பிளேயரைப் போல் ஒவ்வொரு வாக்கியத்தோடும் உரையாட நேரமில்லை. ஓரத்தில் ஒரு குறியெழுத்தை இட்டு நகரும் வழியே அவருக்குத் தேவைப்பட்டது. 1907இல் எட்வின் வுல்லி வெளியிட்ட கட்டுரைக் கையேடு, விதிகளுக்கு எண் கொடுத்து அந்த வழியை அமைத்துத் தந்தது. ‘ரன்-ஆன்’, ‘கமா ஸ்ப்லைஸ்’ ஆகிய பெயர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் இத்தகைய கையேடுகளின் வழியே நிலைபெற்றவை.

கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவருக்காக அச்சிட்ட சிறு நூலில், தனித்து நிற்கும் கூற்றுகளைக் காற்புள்ளியால் இணைக்கலாகாது என்பது ஐந்தாம் விதி. ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாகாது என்பது ஆறாம் விதி. மிகக் குறுகியனவும் ஒரே வடிவுடையனவுமான கூற்றுகளுக்கு அவர் விலக்கும் அளித்தார். 1959இல் ஈ. பி. ஒயிட் விரித்தெழுதிய பிறகு இந்நூல் பெரும்புகழ் எய்திற்று. ஆனால் வகுப்பறைகளில் ஐந்தாம் விதி பெற்ற கவனத்தை ஆறாம் விதியோ, விலக்கோ பெறவில்லை. இங்கிலாந்தின் ஃபவுலர் சகோதரர்கள் 1906இல் வெளியிட்ட ‘கிங்ஸ் இங்கிலீஷ்’ நூலில், எல்லா வேலையையும் முற்றுப்புள்ளியே செய்யட்டும் என்று வாக்கியங்களைத் துண்டாடும் பழக்கத்தை ஒரு கொள்ளைநோய் என்றே சாடியிருந்தனர். அவ்வெச்சரிக்கை நியாயமானது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் எல். ஏ. ஷெர்மன் 1893இல் வெளியிட்ட ஆய்வு, எலிசபெத் அரசிக்கு முந்திய ஆங்கில உரைநடையில் வாக்கியத்தின் சராசரி நீளம் ஏறத்தாழ 50 சொற்கள், அரசியின் காலத்தில் 45, விக்டோரியா காலத்தில் 29, தம் நாளில் 23 என்று கணக்கிட்டது. வாக்கியம் தானே குறுகிக்கொண்டிருந்த வேளையில், நீண்ட வாக்கியமெல்லாம் பிழையான வாக்கியம் என்னும் தவறான பாடத்தையும் மாணவர் சேர்த்துக் கற்றனர். ‘ரன்-ஆன்’ விதியால் விளைந்த பெருந்தீங்கு இதுவே.

இந்த வரலாற்றின் ஒரு கிளை தமிழ் வழங்கும் நிலத்துக்கும் வந்தது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்தின் புள்ளியே இடப்படாதிருக்க, நிறுத்தற்குறிக்கு அங்கே இடமே இல்லை. எனினும் தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதால் வாக்கியத்தின் முடிவை அதுவே அறிவித்துவிடும், உரையாசிரியர்களோ ‘என்க’, ‘என்றவாறு’ ஆகிய சொற்களால் தம் விளக்கத்தின் எல்லையைச் சொல்லியே காட்டினர். அச்சு பரவியபின், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) தாம் எழுதியும் பதிப்பித்தும் வெளியிட்ட நூல்களில் ஆங்கில நிறுத்தற்குறிகளை முறையாகக் கையாண்டு தமிழ் உரைநடைக்கு உரியவையாக்கினார். வினையெச்சங்களை அடுக்கி ஒரே முற்றுவினையில் முடியும் அவருடைய நெடிய வாக்கியங்களில் காற்புள்ளி, தமிழின் இயல்பைச் சிதைக்காமல் வாசகருக்கு வழிகாட்டுகிறது. ஆங்கில வாக்கிய எல்லை பற்றிய பாடமோ, இந்தியப் பள்ளிகளுக்காக நெஸ்ஃபீல்டு எழுதிய இலக்கண நூல்களின் வழியாகவும், 1930களில் ரென், மார்ட்டின் ஆகிய இருவர் எழுதிய நூலின் வழியாகவும் இங்கே வந்து சேர்ந்தது. ‘சிம்பிள்’, ‘காம்பவுண்ட்’, ‘காம்ப்ளெக்ஸ்’ என்று வாக்கியங்களை மாற்றியெழுதும் பயிற்சி, மோரல் பரப்பிய பகுப்பு முறையின் வழித்தோன்றலாகும்.

அப்பயிற்சியைப் பல தலைமுறைகள் செய்தும் தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் இப்பிழையைத் தொடர்ந்து செய்வதற்கு மொழியமைப்பில் காரணம் இருக்கிறது. ‘மழை நின்றது, நாங்கள் வெளியே போனோம்’ என்று தமிழில் எழுதுவது எவருக்கும் உறுத்தாது. ‘நின்றது’ என்னும் முற்றுவினையே எல்லையைக் காட்டிவிட்டதால் காற்புள்ளி மெல்லிய நிறுத்தமாக இருந்தால் போதும். அதனையே ‘தி ரெயின் ஸ்டாப்ட், வி வென்ட் அவுட்’ என்று பெயர்த்தால் அது ‘கமா ஸ்ப்லைஸ்’ ஆகிறது, ஏனெனில் ஆங்கில வினைச்சொல் கூற்றின் நடுவில் நிற்கக்கூடியது, அதன்பின் இன்னும் எத்தனை சொற்கள் வரும் என்று அது சொல்வதில்லை, ஆகவே எல்லையைக் குறியோ இணைப்புச்சொல்லோதான் தாங்க வேண்டியிருக்கிறது. ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ ஆகிய சொற்கள் ‘ஆனால்’, ‘ஆகவே’ என்று பொருள்பட்டாலும் ஆங்கில இலக்கணத்தில் இணைப்புச்சொற்களாகாமல் வினையடைகளாகவே நிற்பதால், அவற்றின் முன் காற்புள்ளி மட்டும் இட்டுக் கூற்றுகளைச் சேர்ப்பதும் அதே வகைப் பிழையே.

1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் எல்லா உயர்நிலைப்பள்ளிப் பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தபோது, அங்கே எழுத்துப் பயிற்சி அளித்த மீனா ஷாக்னெசி, மாணவரின் பிழைகளைத் தொகுத்து ஆராய்ந்து 1977இல் ஒரு நூல் எழுதினார். கூற்றுகளைப் புள்ளியின்றித் தொடுக்கும் மாணவர் சோம்பலால் அவ்வாறு செய்வதில்லை என்றும், தம் கருத்துகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று உணர்ந்தும் அத்தொடர்பை எழுத்தில் காட்டும் கருவிகள் கைவராததால் அவ்வாறு எழுதுகின்றனர் என்றும் அந்நூலில் அவர் பிழையின் பின்னுள்ள அறிவை எடுத்துக்காட்டினார். 1988இல் ராபர்ட் கானர்ஸ், ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டு ஆகிய இருவரும் 3,000 கல்லூரிக் கட்டுரைகளில் பிழைகளை எண்ணியபோது, ‘கமா ஸ்ப்லைஸ்’ 8ஆம் இடத்திலும், குறியே இல்லாத ஒட்டு வாக்கியம் 18ஆம் இடத்திலும் வந்தன. 1917இலும் 1930இலும் நடந்த கணக்கெடுப்புகளோடு ஒப்பிட, மொத்தப் பிழைகளின் விகிதம் பெரிதும் மாறவில்லை.

விதி நல்லதே; குழப்பமில்லாத எழுத்துக்கு அது இன்றியமையாதது. ஆனால் அதனைத் தண்டனைக் குறியாக மட்டும் கற்பிக்கும் பாடநூல், பிளேயரும் ஷாக்னெசியும் சுட்டிய உறவைக் கற்பிக்கத் தவறிவிடுகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆங்கிலப் பாடநூல் ஆக்குவோர், தமிழின் வினைமுற்று செய்யும் வேலையை ஆங்கிலத்தில் எது செய்கிறது என்பதை ஒரு பாடமாகவேனும் சேர்க்க வேண்டும். ஆசிரியர்கள் மாணவரின் ஒட்டு வாக்கியத்தைச் சிவப்பு மையால் வெட்டுமுன், அந்த இரண்டு கூற்றுகளும் காரணமும் விளைவுமா, முன்னும் பின்னுமா, முரணா என்று அவரிடமே கேட்டு, அதற்கேற்ற குறியையோ சொல்லையோ அவரே தேர்ந்தெடுக்கும்படி செய்ய வேண்டும்.